அவலூர்பேட்டை பஸ்

தர்மவதியின் குறட்டைக்கு அவள் மாமியார் ஜெயமாலா ஒரு பெயர் வைத்திருந்தாள்: அவலூர்பேட்டை பஸ்.

"நேத்து அவலூர்பேட்டை பஸ்சு மேடு ஏறவே இல்லடி ஆண்டாளு. உறுமுது, நிக்குது, மறுபடியும் உறுமுது" என்று தெருக்குழாயடியில் பக்கத்து வீட்டு ஆண்டாளிடம் சொல்வாள். தர்மவதி குடத்தோடு அங்கேயே நின்றிருப்பாள்.

"கண்டக்டரு இன்னா பண்றாரு?"

"பாயைச் சுருட்டிக்கினு கடைக்கே படுக்கப் பூட்டாரு."

கண்டக்டர் என்றால் தர்மவதியின் புருஷன் சுமதிநாதன். செஞ்சிக் கடைவீதியில் அப்பாவோடு கடலை எண்ணெய் வியாபாரம். தாலி கட்டியவளைக் குழாயடியில் வைத்துச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும், சாப்பிட உட்கார்ந்தால் அவனும் "பாம் பாம்" என்று ஹாரன் அடித்துக் காட்டுவான். இதை ஆண்பிள்ளைத்தனம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

அது ஜைனர் வீடு. எறும்பைத் தாண்டி நடப்பார்கள். தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கூட வாயில் போகக் கூடாதென்று குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி வடிகட்டித்தான் குடிப்பார்கள். வார்த்தைக்கு மட்டும் அந்த வீட்டில் துணி கிடையாது.

கேலியோடு நின்றிருந்தால் தர்மவதி பொறுத்திருப்பாள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவது அந்த வீட்டு விரதம். ஜெயமாலா குறட்டையையும் விரதத்தையும் முடிச்சுப் போட்டாள்.

"இருட்டுல திங்கிறவங்களுக்குத்தான் இப்படி வரும். சோறு நெஞ்சுல நின்னுக்கினு கத்துது. எனக்கு வருதா? என் புள்ளைக்கு வருதா?"

"நான் தின்னலை அத்தை."

"நீ சொல்ல வேணாம். அதான் உன் தொண்டை ஊருக்கே சொல்லுதே."

மேல்சித்தாமூரிலிருந்து சம்பந்தியை வரச்சொல்லி ஆள் போயிற்று. பெண்ணை அழைத்துப்போகட்டும் என்று ஜெயமாலா முடிவு செய்துவிட்டாள். புருஷனோடு வாழாமல் திரும்பினாலே ஊர் பேசும். ராத்திரியில் திருடித் தின்றவள் என்ற பெயரோடு, ஜைன மடம் இருக்கிற ஊருக்குத் திரும்பினால் தர்மவதியின் தங்கையை யார் கட்டுவார்கள்? தர்மவதிக்கு அந்தப் பயம்தான். தன்னைப்பற்றி அவள் அதிகம் நினைக்கவில்லை.

அவள் அப்பா புஷ்பதந்தன் மறுநாள் உச்சிப்பொழுதில் வந்து சேர்ந்தார். கோட்டை மலை சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. மகளின் துணிமூட்டை கதவருகே கட்டி வைத்திருப்பதைப் பார்த்தார்.

"முதல்ல சாப்டுங்க சம்பந்தி" என்றார் ஜெயமாலாவின் கணவர் சம்பவநாதன்.

மூன்று ஆண்களுக்கும் தர்மவதி பரிமாறினாள். சோற்றில் பருப்புப்பொடி போட்டு, தூக்கிலிருந்து எண்ணெய் ஊற்றினாள். பிறகு மாமியார் தட்டிலும் தன் தட்டிலும் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சுமதிநாதன் முதல் கவளத்தைத் துப்பினான். "தூ! காறல்!"

விளக்குக்கென்று ஒதுக்கிய பழைய எண்ணெய். சமையலுக்கும் அதற்கும் ஒரே மாதிரித் தூக்கு.

"பாத்தீங்களா சம்பந்தி, உங்க பொண்ணு லட்சணத்தை?" ஜெயமாலா எழுந்துவிட்டாள். "எண்ணெய்க்கடை வீட்டுல விளக்குக்கு வெச்ச எண்ணெயை ஊத்தறா. பெத்த அப்பனுக்கே ஊத்தறா! ராவெல்லாம் திங்கறது, பகல்ல தூங்கி வழியறது."

சம்பவநாதன் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கையை உதறிக்கொண்டிருக்க, அவள் மட்டும் இரண்டாவது கவளத்தை விழுங்கியிருந்தாள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள், பிறகு அடுத்ததை மென்றாள்.

அவர் எழுந்து போய் நல்ல எண்ணெய்த் தூக்கையும் எடுத்து வந்தார். கடையில் சரக்கு பார்ப்பதுபோல, அவளுடைய ஒரு உள்ளங்கையில் ஒரு சொட்டும் மறு உள்ளங்கையில் ஒரு சொட்டும் விட்டார்.

"தேய்ச்சு மோந்து பாரும்மா. எது நல்லது?"

அவள் மோந்தாள். மறுபடியும் மோந்தாள். பிறகு மாமியாரின் முகத்தைப் பார்த்து விடை தேடினாள்.

"ரெண்டும்... நல்லாத்தான் இருக்குது மாமா."

"எத்தினி நாளா வாடை தெரியலை?"

"கொல்லையில கடலைத் தோலு புடைக்க ஆரம்பிச்சதிலேருந்து. அந்தத் தூசு மூக்குல ஏறி அடைச்சிக்குது. சொன்னா வேலைக்குச் சாக்கு சொல்றேன்னு..."

"கண்ணாலத்துக்கு முன்னாடி குறட்டை வருமா இதுக்கு?" என்று அவர் சம்பந்தியைக் கேட்டார்.

"இவ தங்கச்சி பக்கத்துலதான் படுப்பா. குறட்டைன்னு அவ ஒரு நாளும் சொன்னதில்லைங்க."

சம்பவநாதன் மகன் பக்கம் திரும்பினார். "மூக்கு அடைச்சா வாயாலதான மூச்சு விடணும்? மல்லாந்து படுத்துக்கினு வாயால மூச்சு விட்டா உனக்குந்தான்டா குறட்டை வரும். ஊரான் எண்ணெயெல்லாம் மோந்து மோந்து குத்தம் சொல்ற வீடு இது. உள்ள ஒரு மூக்கு அடைச்சிக் கெடக்குது, ஒருத்தருக்கும் தெரியலை. எனக்குந்தான் தெரியலை. ஹாரன் அடிச்சியே, தலைக்கு உசரமா ஒரு தலகாணி வெச்சியா? ஒருக்களிச்சிப் படும்மான்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

சுமதிநாதன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு எழுந்து, கதவருகே இருந்த மூட்டையை உள்ளே கொண்டுபோய் வைத்தான். அந்த வருஷத்தில் அவன் செய்த முதல் நல்ல காரியம் அது.

தோற்றுப்போய் ஜெயமாலாவுக்குப் பழக்கமில்லை. சட்டென்று உள்ளே போனாள். குடத்தின் வாயில் அன்றுதான் கட்டியிருந்த புதுத் துணியை அவிழ்த்து வந்து மருமகளின் மடியில் போட்டாள்.

"மூக்குல கட்டிக்கினு புடை. தண்ணிக்கு வேற கிழிச்சிக்கறேன்." இரண்டடி போனவள் நின்றாள். "இன்னிக்கு ஒண்ணும் புடைக்க வேணாம். அந்தக் காறல் சோத்தைக் கொட்டிட்டு வேற போட்டுக்க. பொழுது போறதுக்குள்ள தின்னு."

சில நாள் கழித்துக் குழாயடியில் ஆண்டாள் வழக்கம்போல ஆரம்பித்தாள். "இன்னாக்கா, அவலூர்பேட்டை பஸ்சு நின்னுபோச்சா?"

குறட்டை முழுதாக நிற்கவில்லை. குறைந்திருந்தது, அவ்வளவுதான். ஜெயமாலா தர்மவதியின் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கி, வரிசையில் முதல் குடமாகக் குழாய்க்கு நேரே வைத்தாள்.

"அது எங்க வூட்டு பஸ்சு. ஓடுனா ஓடுது, நின்னா நிக்குது. நீ உன் குடத்தை நகர்த்து."