ஒன்பதாம் தாள்

"ஒரு மேப் குடுங்க" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செருப்புக் கடையில் போய் ஒரு செருப்பு கொடுங்கள் என்று யாராவது கேட்பார்களா? யார் காலுக்கு, என்ன அளவு என்று சொல்ல வேண்டாமா? காரில் ஊர் சுற்றப் போகிறவருக்குச் சுற்றுலா வரைபடம் போதும். சாலை, பெட்ரோல் பங்க், தங்குமிடம் எல்லாம் கலர் கலராக இருக்கும். மலையில் நடக்கப் போகிறவருக்கு மேடுபள்ளம் காட்டும் சர்வே தாள் வேண்டும். சுவரில் மாட்டிப் பெருமை பேசத்தான் என்றால், இருக்கவே இருக்கிறது பழங்கால வரைபடத்தின் மறுபதிப்பு. இப்படி ஆளைப் பார்த்துத் தாளைக் கொடுப்பது நான். அட்டையைப் பார்த்துக் கொடுப்பது என் கணவர்.

கடை எங்கள் இருவருடையது. வாய் மட்டும் என்னுடையதாம், அவர் சொல்வார்.

'ஒன்பதாம் தாள்' என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்த அம்மாள் ஒருநாளும் மொட்டையாகக் கேட்டதில்லை. "சர்வே தாள், ஒன்பதாம் நம்பர், புதுசு வந்துடுச்சா?" என்றுதான் நுழைவார். ஊரின் விளிம்பில், மலையைப் பார்த்த கடைசி வீடு அவருடையது. கணவர் மின்சார லைன்மேன். பல வருடங்களுக்கு முன், மலையில் அறுந்து கிடந்த கம்பியைச் சரிசெய்யப் போனவர் திரும்பவில்லை. தேடிப் போனவர்களிடம் கொடுப்பதற்காகத்தான் முதல் ஒன்பதாம் தாளை எங்களிடம் வாங்கினார். அதற்கப்புறம் ஒரு பதிப்பையும் விடவில்லை.

எதற்கு இத்தனை என்று ஒருநாள் கேட்டேன். அவர் மூன்று பதிப்புகளை மேஜைமேல் வரிசையாக விரித்தார். முதல் தாளில், மலை உச்சிக்குக் கீழே ஒரு ஒற்றையடிப் பாதை, சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகளாக, எங்கும் போய்ச் சேராமல் வெட்டவெளியில் நின்றது. அடுத்ததில் அது சரிவில் பாதி இறங்கியிருந்தது. மூன்றாவதில் ஓடையைத் தாண்டியிருந்தது.

"வந்துக்கிட்டிருக்கார்" என்றார். "மெதுவாத்தான் வருவார். முட்டிவலி."

கடைக்காரியாயிற்றே, விட்டுக்கொடுப்பேனா? "ஆடுமாடு போற தடமா இருக்கும்மா" என்றேன்.

"ஆடுமாடு மேய வேண்டாமா? இப்படி எங்க வீட்டுப் பக்கமே பார்த்து வருமா?"

ஒருவேளை பழைய பாதையாக இருக்குமோ என்று பழங்கால வரைபடங்களைப் புரட்டினேன்; அங்கே பாதையே இல்லை. சுற்றுலா வரைபடத்தில் அந்த மலையே ஒரு பச்சைத் திட்டுதான். கடைசியில் சர்வே ஆபீஸில் தெரிந்த வரைவாளருக்குப் போன் போட்டேன். "ஆகாயத்திலேர்ந்து எடுத்த போட்டோல தேஞ்ச மண்ணு தெரியுது, வரையறோம்" என்றார் அவர். "யார் நடந்து தேச்சாங்கன்னு என்னைக் கேட்டா நான் எங்க போறது?"

அந்த அம்மாளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். கணவர் வந்து கதவைத் தட்டும்போது தான் வீட்டில் இருக்க வேண்டும். மகன் விடுவதாயில்லை. ஊரின் மறுகோடியில் தன் அடுக்குமாடி வீட்டுக்கே வந்துவிடும்படி, மலைப்பக்க வீட்டை விற்றுவிடும்படி நச்சரித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அம்மாள் ஒரு வார்த்தை கொடுத்தார்: அடுத்த தாளில் பாதை நகரவில்லை என்றால் வந்துவிடுகிறேன்.

அடுத்த தாள் வந்தபோது நான் அக்கா வீட்டில் இருந்தேன். விற்றது என் கணவர். பாதை இம்மியும் நகரவில்லையாம். அம்மாள் கல்லா முன்னாலேயே உட்கார்ந்து அழுதாராம், இவர் தண்ணீர் கொடுத்தாராம். நான் ஊர் திரும்புவதற்குள் மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். சரி, ஒரு வழியாக நிம்மதி என்றுதான் நானும் நினைத்தேன்.

மறு வருடமே ஒரு பார்சல் வந்தது. மேலே ஒன்பதாம் தாள், 'புதிய அளவீடு' என்ற முத்திரையோடு. இவ்வளவு சீக்கிரம் எப்படி? சந்தேகத்தில், போன முறை வந்ததில் மிச்சமிருந்த ஒன்றை உருவிக் கீழ்மூலையைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் அட்டையில் இருப்பது அச்சடித்த வருடம். கீழ்மூலையில் பொடி எழுத்தில் இருப்பதுதான் நிலத்தை அளந்த வருடம். அதன் மூலையில் இருந்தது மூன்றாவது பதிப்புக்காக அளந்த வருடமேதான். பழைய தாளுக்குப் புதுச்சட்டை போட்டு அனுப்பியிருந்தார்கள். பாதை எப்படி நகரும்?

புதிய தாளை விரித்தேன். கறுப்புக் கோடுகள் ஓடையிலிருந்து தரிசு நிலத்தின் வழியே வந்து, ஊரின் கடைசி வீட்டைக் குறிக்கும் சின்னச் சதுரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"மூலையைப் பார்த்தீங்களா?" என்று கணவரிடம் கத்தினேன். "விக்கறதுக்கு முன்னாடி மூலையைப் பார்த்தீங்களா?"

அவர் பார்த்தார். முகம் வெளுத்தது. அதற்குமேல் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அம்மாளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "போட்டோ எப்ப எடுத்தாங்க?" என்று கேட்டார். புதிய தாளின் மூலையில் மாதமும் இருந்தது. படித்தேன். அவர் மாதங்களை எண்ணிப் பார்ப்பது போனில் கேட்டது. பிறகு, "நான் கிளம்பினதுக்கு அப்புறம்தான். வந்திருக்கார். நான் இல்லை" என்றார்.

அன்று மதியமே எங்கள் காரில் அவரை ஏற்றிக்கொண்டு போனோம். நல்ல வெயில். கேட்டில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது. என் கணவர் இறங்க மாட்டேன் என்றுவிட்டார். நாங்கள் இருவரும் பின்பக்கம் போனோம்.

முழங்கால் உயரப் புல். அதன் நடுவே, மலையிலிருந்து ஒரு பாதம் வைக்கிற அகலத்துக்கு மொட்டை மண். பின்கதவு வரை வந்தது. அங்கே நிற்கவில்லை. சுவரை ஒட்டியே திரும்பி, வீட்டைச் சுற்றிப் போய், மறுபடி பின்கதவுக்கே வந்தது. செக்குமாடு சுற்றிய இடம்போல மண் பள்ளமாகியிருந்தது. இது தாளில் இல்லை. அந்தத் தாளின் ஸ்கேலில் இவ்வளவு சின்ன வட்டத்தைக் காட்ட முடியாது. கதவில், ஒரு ஆள் தட்டுகிற உயரத்தில், பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிந்தது.

அம்மாள் சாவியைப் போட்டார். திரும்பவில்லை. மகன் பூட்டை மாற்றியிருந்தான்.

"என் வீடு" என்றார். "என் வீட்டை என்னாலயே திறக்க முடியல. அவர் எப்படித் திறப்பார்?"

"பையனுக்குப் போன் பண்றேன், இருங்கம்மா."

"அவன் வந்து சேர்றதுக்குள்ள இவர் இன்னும் எத்தனை சுத்து சுத்தணும்?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். காற்றே இல்லை. தடத்தின் ஓரத்துப் புல், வீட்டின் மூலையிலிருந்து எங்களை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டு வந்தது. எங்களைக் கடந்து, கதவருகே சற்று நின்று, மறுபக்கம் போயிற்று. கதவு ஒருமுறை அதிர்ந்த சத்தம் என் காதில் விழுந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தடத்தில் இறங்கினார். நான் கையைப் பிடித்தேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார், கோபமில்லாமல். மூலை திரும்பியதும் ஆள் மறைந்தது, குரல் மட்டும் கேட்டது. "இப்படியா வீட்டையே சுத்துவீங்க? பூட்டியிருக்குன்னு தெரியல? வாங்க, போதும்." அதன் பிறகு சத்தமே இல்லை.

மறுமூலையில் வந்துவிடுவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. தடத்தை மிதிக்காமல் புல்லிலேயே ஓடி வீட்டைச் சுற்றி வந்தேன். யாரும் இல்லை. வாசல் பக்கம் என் கணவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மலைக்குப் போகும் தடத்தின் இரண்டு ஓரமும் புல் சாய்ந்திருந்தது.

"அம்மா!" என்று கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

சரிவு முழுக்க வெயில். ஒரு ஆள் இல்லை, ஒரு நிழல் இல்லை. அங்கிருந்துதான் அவர் குரல் வந்தது, கடைக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது சொல்கிற அதே சாதாரணக் குரலில்.

"நீங்க கிளம்புங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க. நாங்க மெதுவாப் போய்க்கறோம்."