லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல, அக்காவுடையது. கார் மெக்கானிக் அவள். "உனக்குத்தான் எழுத வருமே, இதை எழுதித் தொலைடி. என்னால சுமக்க முடியல" என்று போன மாதம் சொன்னாள்.

'மலையேறும் கார்களுக்கும் மூச்சு...' (அடித்துவிட்டேன். வெறும் அலங்காரம்.)

'தவறு யாருடையது என்பதை...' (தீர்ப்பிலிருந்து தொடங்கக் கூடாது.)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2

மலையூர்களுக்குப் பிரசவம் பார்க்கப் போகும் நர்ஸ் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய பழைய கார், அவரோடு இன்னும் இரண்டு பேர் ஏறினாலே மேட்டில் திணறும். "ஏதாவது பண்ணும்மா. வலி வந்தவளை வச்சுக்கிட்டு உருட்ட முடியல" என்றார்.

அக்கா சூப்பர்சார்ஜர் பொருத்தினாள். இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி.

(ஓரக் குறிப்பு: அது சும்மா சுற்றாது. இஞ்சினின் பலத்தையே பெல்ட் வழியாக எடுத்துக்கொள்ளும். கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோலும் வேண்டும். சமதரையில் நிதானமாகப் போனால் பெரிதாகத் தெரியாது. மேட்டில் மிதித்தால் டாங்க் மளமளவென்று இறங்கும்.)

வண்டியை எடுக்க வந்த அன்று நர்ஸ் கேட்டார்: "பெட்ரோல் எப்படிம்மா?"

"கொஞ்சம் கூடுதலாக் குடிக்கும், சிஸ்டர்."

அதற்கு முந்தின நாள்தான் அக்கா மலையில் ஓட்டிப் பார்த்திருந்தாள். லிட்டருக்குப் பதின்மூன்று கொடுத்த வண்டி, ஒன்பதுதான் கொடுத்தது.

ஏன் சொல்லவில்லை?

"கழட்டிடுன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். அவ்வளவு அழகா ஏறிச்சுடி வண்டி."

3

அரை டாங்க் இருந்தால் மேலே போய், மலையின் மறுபக்கத்து ஆஸ்பத்திரிக்கும் போய்விடலாம். நர்ஸின் பல வருடப் பழக்கம் அது. இரண்டு வாரம் ஊருக்குள்ளேயே ஓட்டியதில் வித்தியாசம் உறைக்கவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம், அதே அரை டாங்கோடு மேலே போய், குழந்தைக்கு முன்னால் தொப்புள்கொடி வந்துவிட்ட ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கடைசி மேட்டில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றது. நாற்பது நிமிடம் கழித்து ஒரு லாரி வந்தது. தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

(லாரி ஐந்தே நிமிடத்தில் வந்ததாக எழுதிப் பார்த்தேன். குழந்தை வீறிட்டு அழு— அந்தத் தாய் இதைப் படிக்கக்கூடும். நிறுத்திவிட்டேன்.)

4

மறுவாரம் நர்ஸ் பட்டறைக்கு வந்தார். அக்காவைத் திட்டவில்லை. இந்த இடத்தில் எனக்கே அவர்மேல் சந்தேகம். இவ்வளவு நல்லவராக ஒருவர் இருப்பாரா? அக்காவிடம் கேட்டேன்.

"இருந்தாங்களே. அதான்டி கொல்லுது."

நர்ஸ் சொன்னது இதுதான்: "பெட்ரோல் முள்ளைப் பாக்காம கிளம்பினது என் தப்பும்மா. ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டேன். இனிமே நான் மலைக்குப் போகல. வண்டியை நீயே வச்சுக்க."

அவர் போகாவிட்டால் அந்த ஊர்களுக்குப் போக வேறு ஆளில்லை. அது அக்காவுக்கும் தெரியும்.

"நீ என்ன சொன்னே?"

"வாயைத் திறந்தேன்" என்றாள். மீதியைச் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

5

உண்மையைச் சொன்னதாக ஒரு முடிவு எழுதினேன். மறைத்ததாக இன்னொன்று. சொன்னதில் நர்ஸ் மலைக்குத் திரும்பினார், ஆனால் பட்டறைப் பக்கம் வரவேயில்லை. மறைத்ததில் அக்கா அந்தக் காரைத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் கிழித்துவிட்டேன். தங்கை எழுதினால் ஏதாவதொரு மூலையில் மன்னிப்பு ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

நர்ஸ் சாவியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அடுத்த வரி உங்களுடையது. அக்கா படிப்பாள், பார்த்து எழுதுங்கள்.