மூன்று பக்கத் தையல்

கம்பெனியில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். தைத்து முடித்த சட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பிழை கண்டுபிடிக்கிற வேலை. ஒரு தையல் தாண்டியிருந்தாலும், காலர் முனை நூலளவு சாய்ந்திருந்தாலும், அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவர்களிடமே திருப்பி அனுப்பிவிடுவாள். அவள் எழுந்து நடந்து வந்தால் சூப்பர்வைசருக்கே வேர்க்கும். சாயங்காலம் அடையாள அட்டையைக் கழற்றி வைப்பதுபோல அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு வர அவளுக்குத் தெரியாது. அது வீட்டுக்கும் கூடவே வரும்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரரின் சாம்பல் நிறச் சட்டையில் அவள் கை நின்றது. பட்டன் வெள்ளை. அதைப் பிடித்திருந்த நூல் நீலம்.

அது அவள் தைத்ததல்ல. உயிர் போனாலும் வெள்ளைப் பட்டனுக்கு நீல நூல் போடுகிற ஆள் அவள் இல்லை.

நிறத்தைக்கூட விட்டுவிடலாம். தைத்திருந்த விதத்தைத்தான் விட முடியவில்லை. நாலு துளை உள்ள பட்டன். மற்றவர்கள் இரண்டு கோடு போடுவார்கள், இல்லாவிட்டால் குறுக்கே பெருக்கல் குறி போடுவார்கள். இதில் நூல் மூன்று பக்கம் ஓடி, நாலாவது பக்கம் திறந்து கிடந்தது. பட்டனுக்கு அடியில் நூலைக் கழுத்துப்போலச் சுற்றி இறுக்கியிருந்தது. இப்படிப் பட்டன் தைக்கிறவர்கள் இந்தப் பூமியில் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருத்தி அவளுடைய அக்கா.

அக்காவோடு பேச்சு நின்று பல வருஷமாகிறது.

தையல் அவளுக்கு வந்தது அக்கா கையிலிருந்துதான். சின்ன வயதில் ஒருநாள் பள்ளிக்கூடச் சட்டையில் பட்டன் தெறித்துவிட்டது. அம்மா வேலையிலிருந்து திரும்பினால் தோலை உரித்துவிடுவாள். அக்காவும் அப்போது சின்னப் பெண்தான், ஆனால் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைப்பு. அம்மாவின் ஊசி டப்பாவைத் திறந்து, வாயால் நூல் முனையை ஈரமாக்கி, பத்துத் தரம் குத்திப் பதினோராம் தரம் கோத்து, தங்கையை முட்டியோடு முட்டி இடிக்க எதிரே உட்காரவைத்துக்கொண்டாள். அக்காவுக்கு இடது கைப் பழக்கம். இவளுக்கு வலது கை. கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவுவதுபோல அக்கா செய்ததையெல்லாம் இவளும் எதிர்க் கையால் செய்து பழகினாள். முதல் பட்டனில் மூன்று பக்கம் போட்டதும் அக்காவின் நூல் தீர்ந்துபோய்விட்டது. அதை ஒப்புக்கொள்ள அந்த வாய்க்கு மனசு வருமா?

“இப்படித்தான் தைக்கணும். நாலு பக்கமும் அடைச்சா பட்டனுக்கு மூச்சு முட்டும்” என்று சொல்லிவிட்டாள்.

இவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பிறகு பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் டீச்சர் அவள் துண்டுத் துணியைத் தூக்கிப் பிடித்து, “நாலாவது பக்கம் எங்க?” என்று கேட்டபோது, “பட்டனுக்கு மூச்சு முட்டும் டீச்சர்” என்றாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவமானத்தில் காது சிவந்து வீட்டுக்கு வந்து அக்காவின் கையைக் கடித்துவைத்தாள். ஒருத்தர் சொன்னதை அப்படியே நம்பியது அவள் வாழ்க்கையில் அநேகமாக அதுதான் கடைசி. ஆனால் கைக்கு எந்த அவமானமும் உறைக்கவில்லை. இன்றைக்கும் வீட்டில் பட்டன் தைத்தால் மூன்று பக்கம்தான்.

அக்காவோடு முறிந்தது அம்மா போன பிறகு. அம்மாவின் மோதிரம் காணவில்லை. கடைசிவரை பக்கத்தில் இருந்தவள் அக்கா. ‘நீ எடுத்தியா’ என்று இவள் கேட்கவே இல்லை. ‘எங்கயாவது எடுத்து வச்சிருக்கியான்னு யோசிச்சுப் பாரு’ என்றுதான் கேட்டாள். பையை எடுத்துக்கொண்டு போன அக்கா, அப்புறம் இவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கேட்டது ஒரு குற்றமா என்று எக்ஸ்ரே இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்போது அந்த அக்காவின் தையல் இவள் வீட்டுக்காரர் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

பழையதெல்லாம் வரிசை கட்டி வந்தது. போன மாதம் ஒருநாள் தாமதமாக வந்து, கடையில் சரக்கு வந்ததென்றார். ஹார்டுவேர் கடையில் சரக்கு வராமல் பூ மழையா வரும் என்று அன்றைக்கு விட்டுவிட்டாள். விட்டிருக்கக்கூடாது. “உங்க அக்கா வீட்டுப் பக்கம் ரோடு போடறாங்க” என்று சாப்பிடும்போது ஒரு பேச்சு. அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேரும் உட்கார்ந்து தன்னைப் பற்றிப் பேசியிருப்பார்கள். அவர் குறை சொல்லியிருப்பார், அக்கா உச்சுக் கொட்டிக்கொண்டே பட்டன் தைத்துக் கொடுத்திருப்பாள். வேறு மாதிரி உறவாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் போலிருந்தது. இது தாங்கவில்லை.

சட்டையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, இந்தப் பட்டன் எப்ப தச்சது?”

“எந்தப் பட்டன்?”

“இந்த நீல நூல்.”

“அது… இருந்ததுதானே?” என்றவர் பேப்பரை மடித்துவைத்துக் குளிக்கப் போய்விட்டார். காலையில் ஒருதரம் குளித்தவர்.

அதற்குமேல் சாட்சி வேண்டுமா? சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு, “கடைக்குப் போறேன்” என்று குளியலறைக் கதவுக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

அக்கா வீட்டுத் தெருமுனையில் நிஜமாகவே ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் சிமெண்ட் மூட்டைகளோடு வீட்டுக்காரரின் கடை லாரி நின்றது. ரோடு போடுவது அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு, நிதானமாக யோசிக்கிற யாருக்கும் அதிலேயே பதில் இருந்தது. எக்ஸ்ரே அதையும் குற்றப் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

கதவைத் திறந்த அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. தங்கையை மேலும் கீழும் பார்த்தாள்.

“மோதிரம் கெடச்சிடுச்சா?”

எக்ஸ்ரே வரும் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டாள். பையிலிருந்து சட்டையை எடுத்து நீட்டினாள்.

“இது நீ தச்சதா?”

அக்கா வாங்கி, ஜன்னல் பக்கம் போய்ப் பட்டனைச் சாய்த்துப் பார்த்தாள். அவள் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

“இன்னும் மூச்சு முட்டாமத்தான் தைக்கிறியா?”

“நான் தைக்கல. அதான் கேக்கிறேன். எங்க வீட்டுக்காரரு இங்க வந்தாரா?”

“அவரு மொகமே மறந்துபோச்சு எனக்கு.”

“அப்ப இது யாரு?”

அக்கா உள்ளே போனாள். ஊசியும் நூலும் ஒரு பழைய பட்டனும் துண்டுத் துணியும் எடுத்து வந்து, தங்கையை உட்காரவைத்து, எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். முட்டி இடித்தது. இடது கையால் மூன்று பக்கம் குத்தி எடுத்து, அடியில் சுற்றி இறுக்கி, பல்லால் நூலைக் கடித்துத் துப்பினாள். அதையும் சட்டைப் பட்டனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“கழுத்தப் பாரு. என்னோடது எந்தப் பக்கம் சாயுது? இது எந்தப் பக்கம் சாயுது? இது வலது கை சுத்துனது. நீ செக்கிங்ல இருக்கறதா சொன்னாங்க, இதுகூடத் தெரியலயா உனக்கு?”

தெரிந்திருக்க வேண்டும். காலர் முனையில் நூலளவு சாய்வைப் பிடிக்கிற கண் இது. ஆனால் வாய் அதற்குள் வேறு கேள்விக்குப் போய்விட்டது.

“நான் செக்கிங்ல இருக்கேன்னு உனக்கு யாரு சொன்னா?”

அக்காவின் முகம் பட்டென்று மூடிக்கொண்டது.

“பாரு. மறுபடியும் கேக்கிற.” சட்டையை மடித்து அவள் மடியில் வைத்தாள். “உன்னப் பாத்துக் கத்துக்கிட்ட யாரோ தச்சிருக்காங்க. உன் வீட்ல எத்தன பேரு?”

“ரெண்டு பேரு.”

“அப்ப எண்ணிப் பாத்துக்க.”

வழியனுப்ப அக்கா எழுந்து வரவில்லை. ஆனால் பட்டன் தைத்த அந்தத் துண்டுத் துணியை எக்ஸ்ரே பையில் போட்டுக்கொண்டபோது, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையை மேசைமேல் போட்டாள். வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தப்பிக்க இன்னொரு குளியல் மிச்சமில்லை என்று தெரிந்துகொண்டார்.

“வெள்ளை நூல் தீந்துபோச்சு” என்றார்.

கடை மேசையில் ஒரு பழைய மாத்திரை டப்பாவில் ஊசியும் நூலும் வைத்திருக்கிறாராம். பெட்டி தூக்கும்போது, கம்பி இறக்கும்போது பட்டன் அறுந்துகொண்டே இருக்குமாம். மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் சட்டையைக் கழற்றித் தைத்துக்கொள்வாராம்.

“எங்கிட்ட குடுத்தா தச்சுத் தர மாட்டேனா?”

அவர் சண்டைக்குச் சொல்வதுபோல் சொல்லவில்லை. கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னார். “குடுத்தா எங்க அறுந்துச்சுன்னு கேப்ப. சொன்னா, அங்க எதுக்குப் போனீங்கன்னு கேப்ப. கூட யாரு இருந்தான்னு கேப்ப. தச்சுட்டா ஒரு வேலையோட போச்சு.”

எக்ஸ்ரே அலமாரியைத் திறந்து அவர் சட்டைகளையெல்லாம் அள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் போட்டாள். ஒவ்வொரு பட்டனாகப் புரட்டினாள். மூன்று பக்கம், மூன்று பக்கம், மறுபடியும் மூன்று பக்கம். எல்லாக் கழுத்தும் ஒரே பக்கம் சாய்ந்தது. எது தன் கை, எது அவர் கை என்று அவளால் பிரிக்க முடியவில்லை. எவ்வளவு காலமாக இது நடக்கிறது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

“நாலாவது பக்கம் ஏன் தைக்கல?” என்றாள் கடைசியில்.

“நீ தைக்க மாட்டியே. ஏன்னு கேக்கணும்னு அப்பவே நெனச்சேன். ஏதோ காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்.”

“பட்டனுக்கு மூச்சு முட்டும்.”

அவர் சிரிக்கவில்லை. நியாயம்தான் என்பதுபோலத் தலையாட்டினார்.

அவர் போட்டிருந்த சட்டையிலேயே ஒரு கைப் பட்டன் தொங்கிக்கொண்டிருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். “கழட்டிக் குடுங்க” என்று சொல்லிவிட்டு ஊசி டப்பாவை எடுத்து வந்து உட்கார்ந்தாள். நாக்கு நுனியில் கேள்விகள் வந்து நின்றன. நூல் முனையை வாயில் வைத்து ஈரமாக்கினாள்.

அவர் சட்டையைக் கழற்றி நீட்டினார். நீட்டியவர் கையை உடனே எடுக்கவில்லை.

“தாழ்ப்பாள்ல மாட்டிக்கிச்சு. காலையில பேப்பர் எடுக்கப் போனப்போ. வேற எங்கயும் போகல.”

அவள் இன்னும் எதுவுமே கேட்டிருக்கவில்லை.