புரூக்ளின் பாலத்தில் மூன்று ராசாக்கள்

புரூக்ளின் பாலத்தை உடைத்தவன் நான்தான். அமெரிக்காவில் நிற்பதை அல்ல. அந்த அளவுக்கு எனக்குத் திறமை கிடையாது. நான் உடைத்தது ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில், எங்கள் தமிழ்ப் பூசை நடக்கும் கத்தோலிக்கக் கோயிலின் மண்டபத்தில், காகித மட்டையாலும் நூலாலும் செய்து வைத்திருந்த பாலத்தை.

அந்த வருடம் கிறிஸ்மஸுக்குப் பாலன் குடில் கட்டும் பொறுப்பு என்னுடையது. மன்னாரில், எங்கள் ஊர்க் கோயில் குடிலில் ஆறு, குளம், மலை எல்லாம் இருக்கும். சில வருடம் ரயிலும் ஓடும். பெத்லகேமில் ஏது ரயில் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆகவே மூலையில் ஒரு பாலத்தைக் கண்டதும், யாரோ புண்ணியவான் குடிலுக்கென்று தந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். பாலன் யேசுவைப் பார்க்க வரும் மூன்று ராசாக்களையும் ஒட்டகங்களோடு அதன்மேல் ஏற்றினேன். மூன்றாவது ஒட்டகத்துக்கு நூல்கள் சம்மதிக்கவில்லை.

பாலம் ஃபிறவ் ஹெல்விக் என்ற ஜெர்மன் மூதாட்டியுடையது. கோயிலில் அசல் பாலத்தைப் பற்றிப் பேசுவதற்காக அவரே செய்தது. எனது ஜெர்மன் நான் வேலை செய்யும் பிட்சாக் கடைக் குசினிக்கு மட்டும் போதுமானது என்பதால், லவினியாவைக் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். லவினியா எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறவள், பேக்கரியில் வேலை. என்னைக் கலியாணம் செய்ய விருப்பமா என்று மாரியிலும் கேட்டிருந்தேன், கோடையிலும் கேட்டிருந்தேன். "பாப்பம்" என்பாள். அந்தப் "பாப்ப"த்தை வைத்துக்கொண்டு நித்திரையும் வராமல் திரிந்தேன்.

அவள் ஃபிறவ் ஹெல்விக்கிடம் நீளமாக ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சொன்னனீர்?"

"நீங்கள் ஒட்டகம் ஏத்தினதைச் சொன்னனான்."

"அதை ஏன் சொன்னனீர்?"

"வேற ஆர் ஏத்தினது?"

தண்டனையாகப் பசையும் நூலும் கிடைத்தன. மூவரும் மண்டபத்தில் உட்கார்ந்து பாலத்தைத் திருத்தினோம். ஃபிறவ் ஹெல்விக் கதை சொல்ல, லவினியா தமிழாக்கினாள். அசல் பாலத்துக்குத் திட்டம் போட்டவர் ஃபிறவ் ஹெல்விக்கின் ஊரான மூல்ஹவுசனில் பிறந்தவராம். எங்கேயாவது ஒருவன் முன்னேறினால் எங்கட ஊர்ப் பொடியன் என்று சொந்தம் கொண்டாடுவது மன்னாரார் மட்டுமில்லை என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

"வேலை துவங்க முதலே அவர் செத்துப்போனாராம்," என்றாள் லவினியா. "பிறகு மகன் பொறுப்பெடுத்தவர். ஆத்துக்கு அடியில, காத்து அடைச்ச பெட்டிக்குள்ள இறங்கி வேலை செய்து, நோய் வந்து படுத்த படுக்கையாயிட்டாராம்."

"அப்ப ஆர் கட்டினது?"

"மகன்ர மனுசி. எமிலி எண்டு பேர். கணக்குப் படிச்சு, இரும்பைப் பற்றிப் படிச்சு, வருசக்கணக்கா அவதான் ஒவ்வொரு நாளும் போய் வேலையைப் பாத்தவ. முடிஞ்ச உடனே வண்டியில முதல் ஆளா, வெற்றிக்கு அடையாளமாக் கையில ஒரு சேவலோட பாலத்தைக் கடந்தவவாம்."

"சேவலைப் பிறகு கறி வச்சவையாமோ?"

இதை அவள் மொழிபெயர்க்கவில்லை.

"இப்பவும் கேட்டால் தகப்பனையும் மகனையும்தான் சொல்லுவினமாம். எமிலியைக் கனபேருக்குத் தெரியாது."

"பாவம்," என்றேன், நூலைக் கோர்த்தபடி. "புருசன் படுத்தபடியால்தானே அவவுக்கு அந்த வாய்ப்புக் கிடைச்சது."

லவினியா கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள்.

"நீங்கள் எப்ப படுக்கிறதா யோசனை?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பாலம், றோட்டு வரையிற வேலையைப் படிச்சுப் பழக எனக்கு அவுஸ்பில்டுங் இடம் கிடைச்சிருக்கு. மூண்டு வருசம்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"கலியாணம் முடிச்சால் நீர் வேலைக்குப் போகத் தேவையில்லை, வீட்டில சும்மா இருக்கலாம் எண்டு சொன்னனீங்கள். அதுக்குப் பிறகு என்னத்தைச் சொல்ல?"

சொன்னது உண்மைதான். அதை நான் சீதனமே வேண்டாம் என்பதற்கு அடுத்த பெருந்தன்மையாக நினைத்திருந்தேன். பகிடி ஒன்று விட்டுத் தப்பலாமென்று வாயைத் திறந்தேன், வந்தது கேள்விதான்.

"நேராச் சொல்லும் லவினியா. ஓமோ, இல்லையோ?"

தமிழ் ஒரு சொல்லும் தெரியாத ஃபிறவ் ஹெல்விக்கும் பசைப் போத்தலை மூடிவிட்டு அவளைப் பார்த்தார்.

"எனக்கு உங்களைப் பிடிக்கும்," என்றாள் லவினியா. "ஆனா படிச்சு முடிக்காமல் கலியாணம் இல்லை. முடிச்ச பிறகும் வேலையை விடமாட்டன். அது உங்களுக்குச் சரியெண்டால், ஓம்."