கண்ணாயி உட்கார்ந்தது

பாறையேறப் பழக வந்த பதினொரு பெண்களில் கண்ணாயிக்கு மட்டும் ஏற்றத்தைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாத்தி இருபது வருடம் மிளகு பறித்தவள். நாற்பதடிப் பாறையில் மளமளவென்று ஏறிவிட்டாள். இறங்குவதில்தான் வம்பு.

இறங்கும்போது இரண்டு கையையும் விட்டுவிட்டு, இடுப்புப் பட்டையில் பின்னால் சாய்ந்து உட்கார வேண்டும். கீழே இருப்பவர் கயிற்றை மெல்ல விடுவார். கண்ணாயி உட்காரவே இல்லை. மூன்று நாளும் பாறையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, கையாலும் காலாலும் தடவித் தடவி இறங்கிவந்தாள். இப்படி இறங்குகிறவளுக்குச் சான்றிதழ் தர முடியாது. சான்றிதழ் இல்லாமல் எங்கள் முகாமில் பயிற்சியாளர் வேலை கிடையாது. அவளுக்கோ அந்த வேலை வேண்டும். "பின்னால ஒருத்தர் நின்னு ஏவற வேலை போதும் ஷெர்லினம்மா" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

பயம் என்று நினைத்தேன். என்னைப் போன்ற பயிற்சியாளர்களுக்கு எதைப் பார்த்தாலும் பயமாகத்தான் தெரியும்.

அவளுக்குக் கயிறு பிடித்தது கூடப் பழக வந்த ஆன்மேரி. தலைச்சோலைப் பக்கம் கண்ணாயி வேலை செய்யும் அதே எஸ்டேட்டில் ஆட்களை ஏவிக் கணக்கெழுதும் ரைட்டர். இருவர் உடல் எடையும் ஒத்துப்போனதால் ஜோடி சேர்த்தேன். வேறெதையும் யோசிக்கவில்லை, என் புத்தி அவ்வளவுதான்.

நாலாம் நாள் ஆன்மேரி கீழிருந்து, "கண்ணாயி, உக்காரு" என்றாள். மேலே கண்ணாயி இன்னும் விறைப்பாக நின்றாள். இறங்கியதும் காரணம் கேட்டேன்.

"ரைட்டரம்மா வந்தா டீக் குடிக்கறவங்களும் எந்திரிச்சு நிக்கோணுங்க. இருவது வருசமா நின்ன காலு. அவங்க பாத்துட்டிருக்கறப்ப எப்படிங்க உக்கார்றது?"

அது ஆன்மேரி காதிலும் விழுந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஜோடியை மாற்றவில்லை, இடத்தை மாற்றினேன். ஆன்மேரி மேலே, கயிறு கண்ணாயி கையில். பாதுகாப்புக்குக் கயிற்றின் வால் என்னிடம்.

உச்சியில் ஆன்மேரி பாறையைக் கட்டிக்கொண்டாள். "கண்ணாயி, விட்டுராத."

"விட மாட்டனுங்க. தைரியமா உக்காருங்க."

உட்கார்ந்தாள். கண்ணாயி அடியடியாக இறக்கினாள். தரைக்கு வந்த ஆன்மேரி புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீங்களும் உக்காருங்க" என்றாள். இத்தனை நாளில் கண்ணாயியை அவள் மரியாதையாக அழைத்தது அதுதான் முதல் தடவை.

"மேல போய் உக்கார்றனுங்க" என்று கண்ணாயி பாறையில் கை வைத்தாள்.

அன்று அவள் கையை விட்டாள், சாய்ந்தாள், உட்கார்ந்தே இறங்கினாள். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை சான்றிதழைக் கொடுக்க எஸ்டேட்டுக்குப் போனேன். டீ நேரம். ஆன்மேரி வருவதைக் கண்டு பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். கண்ணாயி மட்டும் தம்ளரோடு மரத்தடியில் உட்கார்ந்தே இருந்தாள்.

"ஏனுங்க ரைட்டரம்மா, டீ இருக்குதுங்க" என்று நகர்ந்து இடம்விட்டாள்.

ஆன்மேரி கொஞ்சம் தயங்கிவிட்டு உட்கார்ந்தாள். மற்ற பெண்கள்தான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.