நாலு திருகாணி

அன்புராஜின் மண்டையில் இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி, கயிற்றில் எடைக்கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள். போகிற வருகிறவர்கள் இடித்துவிடப் போகிறார்களே என்று அவன் மனைவி ஆரோக்கியசெல்வி கட்டிலுக்குக் குறுக்கே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கும் ஆபரேஷன் கிடையாது, தியேட்டரில் எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர் என்றாள் நர்ஸ்.

"நேத்தும் இதத்தான சொன்னீங்க? அவுருக்கு இப்ப வலது கையும் மரத்துப்போவுதாம்."

"நான் இன்னாம்மா பண்றது? மெஷின நானா ஒடச்சேன்?"

ஆரோக்கியசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது?

பாகூர் பக்கம் லாரிக்குக் கரும்பு ஏற்றும்போது, பலகை வழுக்கிச் சுமையோடு விழுந்தவன், எழுந்து உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடித்திருக்கிறான். கழுத்துதான் பிடித்துக்கொண்டது. தலைச்சுமைக்காரர்களுக்கு அது அன்றாட வலி. ஒருவருக்கொருவர் நெட்டி எடுத்துவிட்டுக்கொள்வார்கள். கூட வேலை செய்த இருசப்பனும் அந்த வழக்கத்தில்தான் தாடையைப் பிடித்து வெடுக்கென்று ஒரு திருப்பு திருப்பினான். இடது கை அப்போதே துவண்டுவிட்டது. கழுத்தின் முதல் எலும்பு இரண்டாவதை விட்டு நழுவிவிட்டது, இன்னும் நழுவினால் மூச்சே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒருவழியாக மெஷின் சரியாகி, பிடரியைத் திறந்து நாலு திருகாணியும் இரண்டு கம்பியும் வைத்து எலும்பை முடுக்கினார்கள். அவன் விரல் அசைந்ததும் அவள் வில்லியனூர் மாதாவை நினைத்து வாய்விட்டு அழுதாள்.

"கை வந்துடும்மா. ஆனா தலை பாதிதான் திரும்பும். இனிமே தலையில சுமையே வைக்கக் கூடாது," என்றார் டாக்டர்.

"தலையில தூக்காம கரும்புல இன்னா சார் வேல இருக்குது?"

டாக்டர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்காத கரும்புக் கொல்லைக்காரர் ராஜ்மோகன், அன்புராஜுக்குக் கழுத்துப்பட்டை கழற்றியதும் ஆள் விட்டு அழைத்தார்.

"ஒன்ன வுட்டுடுவேனாடா? லாரி ரிவர்ஸ் வரப்போ பின்னால நின்னு கை காட்டு. நோவாத வேல."

அந்தப் பெரிய மனதுக்கு ஆரோக்கியசெல்வியும் கும்பிடு போட்டாள். போட்ட கையை வெட்டிப்போடலாம் போலிருந்தது.

மறுநாள் அவள் சோறு கொண்டுபோனபோது, அவன் லாரிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். முதுகுக்குப் பின்னால் டிராக்டர் ஒன்று வந்து விடாமல் ஹாரன் அடித்தது. அவன் ஒரு காலை எடுத்து வைத்தான், பிறகு அடுத்த காலை. உடம்பு மொத்தமும் சேர்ந்துதான் திரும்ப வேண்டியிருந்தது.

"டேய் அன்பு," வரப்பிலிருந்து ராஜ்மோகன் கத்தினார். "திரும்பிப் பாக்கறதுக்குத் தனியா கூலி குடுக்கணுமாடா?"

அன்புராஜ் இன்னும் திரும்பிக்கொண்டிருந்தான்.