செண்பகத்தின் பின்னல்

"கண்மணி கடுகு மாதிரி சுருங்கிக் கிடக்கு. பூச்சி மருந்துதான். எவ்வளவு குடிச்சா?"

டார்ச்சை அணைத்துவிட்டு டாக்டர் கேட்டார். கட்டிலில் கிடந்த செண்பகத்தின் வாயோரம் நுரை தள்ளியது. அப்பா துளசிராமன் திருதிருவென்று விழித்தார். அம்மா பூவம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பெண் எதையும் குடிக்கவில்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பெண் பார்க்கப் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்தவர்களின் வாடகைக் காரிலேயே, அவர்கள் முன்னால் மயங்கி விழுந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருந்தார்கள். "இஷ்டமில்லன்னா சொல்லிட்டுப் போறது. மருந்தக் குடிச்சிக்கினு இன்னாத்துக்கு நம்மள பேஜாருல மாட்டி வுடணும்? மனசுல எவனோ கீறான் போல," என்று பையனின் அம்மா வாசலில் சொன்னது வார்டு முழுக்கக் கேட்டது. துளசிராமன் தலையைக் குனிந்துகொண்டார்.

விஷயம் இவ்வளவுதான். செண்பகத்தின் தலை நிறையப் பேன். பெண் பார்க்க வருகிறவர்கள் பூ வைக்கிற சாக்கில் பின்னலைத் தொட்டுப் பார்ப்பார்கள், மானம் போய்விடும் என்று பூவம்மாளுக்கு பயம். ஐ.ஆர். எட்டு நெல்லுக்கு வாங்கிய பூச்சி மருந்தை எண்ணெயில் குழைத்துக் காலையில் அவளே தேய்த்துவிட்டாள். "எரியுதும்மா" என்றாள் பெண். "பொறுத்துக்கடி. அல்லாரும் பண்றதுதான்" என்று இறுக்கிப் பின்னி மல்லிகையும் வைத்தாள். இதை இத்தனை பேர் முன்னால் எந்த வாயால் சொல்வது? பெண் பிழைத்துக்கொண்டால் சொல்லவே வேண்டாமே என்றுகூட நினைத்தாள். பெற்றவள்தான், அப்படியும் நினைத்தாள்.

வயிற்றைக் கழுவி ஊசி போட்டார்கள். கண்மணி விரிந்தது, மூச்சும் சீரானது. கொஞ்ச நேரத்தில் மறுபடி சுருங்கிக்கொண்டது. இன்னொரு ஊசி போட்டும் அதே கதைதான்.

"விஷம் எங்கிருந்தோ இன்னும் உள்ள இறங்கிட்டே இருக்கு. எங்கேன்னு தெரியாம நான் என்ன பண்ணுவேன்? பொண்ணு தாங்க மாட்டா" என்றார் டாக்டர்.

பூவம்மாள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். "குடிக்கலீங்க டாக்டரய்யா... தலைல கீது. பேனுக்கு நான்தாங்க தேச்சுவுட்டேன்."

சத்தம் வாசல்வரை போனது. பையனின் அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு தள்ளி நின்றாள். துளசிராமன் மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை. நர்ஸ் மேரி கத்தரியோடு ஓடி வந்தாள். பின்னல் மல்லிகையோடு வாளியில் விழுந்தது. மொட்டையடித்துச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள்.

சாயங்காலம் செண்பகம் கண் திறந்தாள். கண்மணி கறுப்பாக, அகலமாக விரிந்திருந்தது. ஊசியின் வேகத்தில் பக்கத்தில் இருந்தவள் முகம்கூட அவளுக்குத் தெளியவில்லை.

"யாரு? அம்மாவா? அவங்கல்லாம் போய்ட்டாங்களா?"

மகளின் கை பின்னலைத் தேடித் தலையணைமேல் தடவிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொள்ளப் பூவம்மாள் கையை நீட்டினாள். விரலில் இன்னும் மருந்து நாறியது. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.